இந்தி தெரியாமலேயே தூர்தர்ஷன் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி

கேட்டவர்: மலையடிவாரம்

நண்பர்களுக்கு வணக்கம். நான் 1980களில் திண்டுக்கல்லுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் முதலில் டி.வி. வாங்கியது மளிகைக்கடைக்காரர் வீட்டில்தான். கதவு வைத்த மரப்பெட்டிக்குள் கறுப்பு வெள்ளை சாலிடெர். கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பிய ஆன்டெனாவைக் காற்று அசைத்துவிட்டால், ஒருவர் மாடியேறிக் குழாயைத் திருப்புவார். கீழேயிருந்து நாங்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவோம்.

போன மாதம் பதினொரு வயதான என் மகளுடன் உட்கார்ந்து பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தின் முதல் பகுதியை இந்தியிலேயே பார்த்தேன். சக்கரம் சுழல, காலமே கதை சொல்வதாக ஹரீஷ் பீமானியின் குரல் நெடுநேரம் பேசுகிறதே, அந்தத் தொடக்கம் வந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அவளோ, "உங்களுக்கு இந்தியே தெரியாதே, அப்போது எப்படிப்பா புரிந்தது?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தொடர் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகளாக ஒளிபரப்பானது. காய்ச்சலில் கிடந்த ஓரிரு வாரங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பீஷ்மராக வந்த முகேஷ் கன்னாவும் கிருஷ்ணராக வந்த நிதீஷ் பரத்வாஜும் பேசியவை யாவும் என் நினைவில் தமிழாகவே இருக்கின்றன. அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. உங்கள் வீடுகளில் யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்களா? முன்பே தெரிந்த கதையாக இல்லாத தொடர்களை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?

மறுமொழி: படுகளம்

எங்கள் வீட்டில் அந்தத் தமிழ் என் ஆயாவிடமிருந்து வந்தது. விழுப்புரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர் எங்களுடையது. தீமிதித் திருவிழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கூத்தாக விடிய விடியப் பார்த்தே ஆயா பாரதத்தை அறிந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு யாரும் பாரதத்தைச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

ஊராட்சி டி.வி.யின் முன்னால் முதல் வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டு, திரையில் ஆள் வாய் திறப்பதற்கு முன்பே என்ன சொல்லப்போகிறான் என்று எங்களுக்குச் சொல்லிவிடுவார். அது மொழிபெயர்ப்பு அல்ல என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஜா. நாங்கள் ஆயாவின் வாயிலாகக் கேட்டதோ, எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார்களின் வசனம்.

ஆயாவுக்கு அந்தத் தொடர்மீது இரண்டு வருத்தங்கள் இருந்தன. ஒன்று, துரியோதனன் வேடம். கட்டை வேடம் கட்டி, கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, திரைக்குப் பின்னால் நின்று பாடி, சுழன்று வெளியே வருகிற துரியோதனனைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, புனீத் இஸ்ஸார் எவ்வளவு உயரமாக இருந்தாலும் போதவில்லை. மற்றொன்று, அரவான். போர் தொடங்கும் முன் தன்னைக் களப்பலியாகக் கொடுக்கிற அரவான் இல்லாமல் எங்கள் பக்கத்தில் பாரதம் இல்லை. கூவாகத்தில் கூத்தாண்டவராக வைத்துக் கும்பிடுகிற தெய்வம் அவர். போர் நெருங்கிய வாரங்களில் ஆயா ஒவ்வொரு ஞாயிறும் அரவானுக்காகக் காத்திருந்தார். எங்கள் கண்ணில் பட்டவரை அவர் வரவேயில்லை. கீதை உபதேசம் நடந்துகொண்டிருந்தபோது, "பலி கொடுக்காமலேயே சண்டையைத் தொடங்கிட்டாங்களே" என்று அவர் கண்கலங்கியதை நான் மறக்கவில்லை. அன்று மாலை களப்பலிக் கதையை முழுவதுமாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் சாப்பிட்டார்.

எனக்குத் தெரிந்த பாரதத்தில் தில்லியிலிருந்து வந்தது எது, ஆயா சேர்த்தது எது என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க விருப்பமும் இல்லை.

மறுமொழி: சேப்பாக்கம் வாசி

சென்னையில் வளர்ந்தவர்களின் நிலை வேறு. 1975 ஆகஸ்ட் 15 முதல் எங்களுக்குத் தமிழிலேயே நிகழ்ச்சிகள் கிடைத்தன. குழந்தைகளுக்குக் கண்மணிப் பூங்கா, வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், நேயர் கடிதங்களுக்கு எதிரொலி. வயலும் வாழ்வும் நிகழ்ச்சியைக்கூட வயலே பார்த்திராத நாங்கள் ஒரு நாள் விடாமல் பார்த்தோம். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை வந்தாலும் எழுந்து போகமாட்டோம்.

இரவில் தேசிய நிகழ்ச்சிகள் தொடங்கியதும் அம்மா டி.வி.யை அணைத்துவிடுவார். எனவே மாவட்டங்களில் இருந்தவர்கள் பழகிக்கொண்ட, காதுக்கு எட்டாததைக் கண்ணால் எட்டிப் பிடிக்கிற பயிற்சி எங்களுக்கு வாய்க்கவில்லை. ஞாயிறு காலை ராமாயணமும் மகாபாரதமும் மட்டுமே விதிவிலக்கு. பிதாஸ்ரீ, மாதாஸ்ரீ என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, துடைப்பக் குச்சி அம்புகளோடு மொட்டை மாடியில் ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொண்டோம். கண்மணிப் பூங்காவின் ஒரு பகுதியையாவது மீண்டும் பார்க்க வேண்டும் என்று பல நாள் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. யாரிடமாவது பதிவு இருந்தால் இங்கே தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓட்டுவீடு

முன்பே தெரியாத கதையை எப்படிப் புரிந்துகொண்டோம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மால்குடி டேஸ் தொடரே அதற்கு விடை. ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் படமாக்கினார். திண்ணையும் தூணும் ஓட்டுக்கூரையும் பார்த்து, அது எங்கள் தாலுகாவில் ஏதோ ஓர் ஊர் என்றே நம்பியிருந்தேன். ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும், நம் எல். வைத்தியநாதன் அமைத்த அந்த முகப்பிசையும் தொடங்கினால் போதும், அடுத்த அரை மணி நேரத்துக்கு மொழி ஒரு தடையாகத் தோன்றியதே இல்லை. அப்பாவாக வந்த கிரீஷ் கர்னாட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால், சுவாமியாக நடித்த மஞ்சுநாத்தைப் போலவே நானும் நிமிர்ந்து உட்கார்வேன். அப்பாவின் பார்வைக்கு எந்த மொழியில் வசனம் வேண்டும்?

ஆனால் எல்லாம் சரியாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். கடைசியில் சுவாமியின் நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகும்போது சுவாமி ஒரு புத்தகத்தோடு ரயில் நிலையத்துக்கு ஓடுகிறான் அல்லவா? அது ராஜத்திடம் இரவல் வாங்கிய புத்தகம், திருப்பிக் கொடுக்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இரவல் புத்தகங்களை உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிற பழக்கம் எனக்கு அந்த நாளிலிருந்து வந்தது. கல்லூரியில் நாவலைப் படித்தபோதுதான் அது சுவாமி கொடுக்க விரும்பிய பிரிவுப் பரிசு என்று தெரிந்தது. பரிசு என்று அன்றே தெரிந்திருந்தால் அந்த ரயில் நகர்வதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

மறுமொழி: கரைவலை

ராமநாதபுரம் கடற்கரையில் எங்களுக்கு இந்தி ஒரு பக்கம், சிங்களம் மறுபக்கம். இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்துக் கிழக்கே திருப்பினால் பாக் நீரிணையைத் தாண்டிப் படம் வந்துவிடும். காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கிற மாலைகளில் படம் தெளிவாக இருக்கும் என்பதால், வீட்டில் பெரியவர்கள் புழுக்கத்தால் தவிக்கும்போது நாங்கள் மகிழ்ந்திருப்போம்.

அதில் தமிழ்ச் செய்தியும் உண்டு. நாங்கள் ஓடிவந்து பார்த்தவையோ கார்ட்டூன்கள். அவை ஆங்கிலமா, சிங்களமா என்று அக்காவும் நானும் சண்டையிட்டதுண்டு. பூனையும் நாயும் துரத்திக்கொள்வதற்கு வசனம் தேவைப்படவில்லை. தமிழ்ச் செய்தி வரும்போது அப்பா எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். அக்கரையிலிருந்து படகுகளில் மக்கள் வந்திறங்கிய ஆண்டுகள் அவை. கார்ட்டூன் வந்த அதே பெட்டியில் அந்தச் செய்தியும் வந்ததால், எனக்கு இரண்டையும் சேர்த்தேதான் நினைக்க முடிகிறது.

கேட்டவர்: மலையடிவாரம்

அனைவருக்கும் நன்றி. படுகளம் அவர்களின் ஆயாவைப் பற்றிப் படித்தபோது, எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னவர் யார் என்று மீண்டும் யோசித்தேன். யாரும் இல்லை. மளிகைக்கடை வீட்டில் பெரியவர்கள் மௌனமாகத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு வேலை இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் போய் உட்காரவும் அவர் கூச்சப்பட்டார். நான் திரும்பி வந்ததும், அடுப்படியில் நின்றபடியே "இன்னைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்பார். காலையில் பார்த்ததை எல்லாம் நான்தான் தமிழில் சொல்வேன். புரியாத இடத்தில் நானாக ஒரு வசனம் வைப்பேன். அது பொருந்தாவிட்டால், "தருமர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார். என் நினைவில் இருக்கும் தமிழ், நாங்கள் இருவருமாக அடுப்படியில் சேர்த்த தமிழ்தான்.

இது உறுதியாக வேண்டும் என்று நேற்று இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பாத்திரங்களின் பெயர்களெல்லாம் கலந்துவிட்டன. ஆனாலும் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே பேசும்னு சொல்லுவியே, அது என்ன சொல்லுச்சுன்னு நீ கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார்.

இன்று மாலை மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த முதல் பகுதியின் பொருளை எழுத்தில் பார்த்துத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறோம்.