பிரெஞ்சு ஏவல் வினை: தோணியில் வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

களப்புத்தோணி (பொத்துவில்):

அனைவருக்கும் வணக்கம். பொத்துவில் களப்பில் சுற்றுலாப் பயணிகளைத் தோணியில் ஏற்றிச் சென்று கண்டல் காடுகளைக் காட்டுவது என் தொழில். உல்லைக்கு அலைச்சறுக்க வருகின்றவர்களில் பிரெஞ்சுக்காரரும் இருப்பதால் அம்மொழியை நானாகவே படித்து வருகிறேன். நிகழ்கால வடிவங்கள் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் எனக்கு நாள்தோறும் வேண்டியவை "இருங்கள்", "எழும்பாதீர்கள்", "அங்கே பாருங்கள்" போன்ற ஏவல்களே. பேசு என்பதற்கு நிகழ்காலத்தில் கடைசியில் நிற்கும் எஸ் எழுத்து ஏவலில் காணாமல் போவதும், "அங்கே போ" என்னும் "வாஸி"யில் அதே எழுத்து திரும்பி வருவதும் ஏன்? விருந்தினரிடம் ஏவல் வடிவத்தில் பேசினால் அது அதிகாரமாகக் கேட்குமா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கல்லடி ரீச்சர்:

தம்பி, நன்னூல் படித்தவருக்கு இது கடினமில்லை. நம் இலக்கணத்தில் ஏவல் முன்னிலைக்கே உரியது. பிரெஞ்சிலோ நீ, நீங்கள் என்பவற்றோடு "போவோம்" என்று நம்மையும் சேர்த்துக்கொள்ளும் வடிவமும் உண்டு. ஆக மூன்றே வடிவங்கள். நிகழ்கால வடிவத்தை எடுத்து எழுவாயை நீக்கிவிட்டால் பெரும்பாலும் ஏவல் கிடைத்துவிடும். பார்ப்பதற்கு "ரெகார்த்", "ரெகார்தோன்", "ரெகார்தே" என்று வரும்.

எஸ் மறைவது நீ வடிவத்தில் மட்டும். பெயரெச்சமாகவோ வினையெச்சமாகவோ அல்லாமல் அகராதியில் நிற்கும் மூல வடிவம் ஈ, ஆர் என்ற எழுத்துகளில் முடியும் வினைகளிலும், "போ" என்னும் வினையிலும், திற, கொடுத்து உபசரி என்பன போன்ற சில வினைகளிலும் அந்த எழுத்து விழும். எடு என்னும் "ப்ரான்", முடி என்னும் "ஃபினி" ஆகியவற்றில் அது அப்படியே நிற்கும். எப்படியிருந்தாலும் அது ஒலிக்காத எழுத்து, ஆகவே பேச்சில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஏவலுக்குப் பின் "அங்கே" எனப் பொருள்படும் "ஈ" அல்லது "அதில்" எனப் பொருள்படும் "ஆன்" என்ற சிறு சொல் வந்து இணைந்தால் இரண்டு உயிர்கள் மோதும். நாம் மணி, அழகு என்பவற்றுக்கு இடையே யகர உடம்படுமெய் இடுவதைப் போல, அவர்கள் பழைய எஸ்ஸை மீட்டு, இசட் ஒலியில் சொல்லி இடைவெளியை நிரப்புகிறார்கள். "வாஸி" அப்படிப் பிறந்ததுதான்.

விதிக்கு அடங்காதவை நான்கு வினைகள்: இரு, உடைமைகொள், அறி, விரும்பு. இவை நிகழ்காலத்திலிருந்து அல்லாமல் ஐயத்தையும் விருப்பத்தையும் சொல்லும் வேறொரு வினைநிலையிலிருந்து ஏவலைப் பெறுகின்றன. "கவனமாயிருங்கள்" என்பதற்கு "சுவாயே ப்ரூதான்", "பயப்படாதீர்கள்" என்பதற்கு "நெயே பா பேர்" என்று சொல்லுங்கள். முதலை தென்படும் களப்பில் இரண்டும் பயன்படும்.

பாசிக்குடா வரவேற்பாளர்:

ரீச்சர் இலக்கணத்தைச் சொல்லிவிட்டார், நான் பழக்கத்தைச் சொல்கிறேன். பாதுகாப்புக்காகச் சொல்லும் ஏவலை எவரும் குறையாக எடுப்பதில்லை. நீங்கள் வடிவமே மரியாதை வடிவம்தான். உங்களுக்காக ஏதாவது செய்யும்படி கேட்கும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே தயவுசெய்து என்னும் "சில் வூ ப்ளே" சேர்க்க வேண்டும், அல்லது ஏவலை விட்டுவிட்டு "புரியே-வூ" என்று, முடியுமா என்ற கேள்வியாகத் தொடங்க வேண்டும். விரும்பு என்னும் வினையின் ஏவலாகிய "வெயே" அறிவிப்புகளிலும் கடிதங்களிலும் பெரிதும் வருவது. தோணியில் அது மிகையான மரியாதையாகத் தோன்றும் என்பது என் கருத்து. சிறு பிள்ளைகளிடம் நீ வடிவம் போதும்.

எதிர்மறையில் சொற்களின் இடம் மாறுவதையும் பாருங்கள். உடன்பாட்டில் "எனக்கு", "உங்களை" போன்ற சொற்கள் வினைக்குப் பின்னால் கோடிட்டு ஒட்டிவரும். "அதை என்னிடம் தாருங்கள்" என்பது "தொனே-ல-முவா". தரவேண்டாம் என்றாலோ அவை முன்னால் ஏறி, வரிசையும் மாறி, "ந ம ல தொனே பா" என்றாகும். "லவே-வூ" என்றால் எழும்புங்கள். "ந வூ லவே பா" என்றால் எழும்பாதீர்கள்.

களப்புத்தோணி (பொத்துவில்):

இருவருக்கும் நன்றி. தோணி நகர்ந்ததும் "ரெஸ்தே அசி, ந வூ லவே பா" என்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். இதே செய்தியைத் தோணியின் பலகையிலும் எழுதி வைக்கலாமா?

கல்லடி ரீச்சர்:

சொல்வதற்கு அது மிகவும் சரி. பலகையில் எழுதுவதானால், பிரெஞ்சுக்காரர் பொது அறிவிப்புகளிலும் சமையல் குறிப்புகளிலும் பெரும்பாலும் ஏவலை விட்டு மூல வடிவத்தையே இடுவதால், "ந பா ஸ லவே" என்பது பொருத்தம். மறுக்கும் இரண்டு சொற்களும் அங்கே வினைக்கு முன் சேர்ந்து நிற்பதைக் கவனியுங்கள். எழும்பு என்னும் வினையின் மூல வடிவமும் நீங்கள் ஏவலும் காதுக்கு ஒன்றே. எழுத்தில் மட்டும் முன்னது ஈ, ஆர் என்றும் பின்னது ஈ, இசட் என்றும் முடியும். பிரெஞ்சுப் பிள்ளைகளே குழம்பும் இடம் அது. ஆகவே வர்ணம் பூசுகிறவரிடம் கொடுப்பதற்கு முன் கடைசி எழுத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.