லேகியம் தீர்ந்துவிட்டது, குறை தீரவில்லை

மண்டிக் கணக்கர்:
வயது 48. விருதுநகர் பக்கம் மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை வந்து ஏழு ஆண்டுகள், இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்டு. எட்டு மாதமாக விறைப்பு சரியாக வருவதில்லை. வந்தாலும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மண்டி நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, அவள் தூங்கும்வரை கூட்டிக்கொண்டிருக்கிறேன். பகலிலேயே கூட்டி முடித்த கணக்குதான்.

மதுரையில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவர் நாடி பிடித்து, "நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறு" என்றார். லேகியமும் தைலமும் 14,000 ரூபாய். சர்க்கரைக்காரனுக்கு வெல்லப்பாகு கொடுத்திருக்கிறார் என்பது டப்பா காலியான பிறகுதான் உறைத்தது. யாரிடம் போவது? மருந்துக்கடையில் நேராக மாத்திரை வாங்கலாமா?

பழைய ஓட்டுநர்:
தம்பி, எனக்கு 52 வயதில் இதே கதை. டாக்டர் முதலில் கேட்டது, "விடியற்காலையில் விறைப்பு இருக்கிறதா?" என்று. அது ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் மனக்கவலை. இல்லையென்றால் இரத்தக் குழாய், நரம்பு, ஹார்மோன் என்று உடம்பில் தேட வேண்டும். எனக்கு இல்லை. சர்க்கரை, கொழுப்பு, காலை நேரத்தில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எல்லாம் பார்த்துவிட்டு இ.சி.ஜி., ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் என்று எழுதினார். நான் சொன்னது ஓர் இடம், இவர் பார்ப்பது வேறு இடம் என்று எரிச்சலாக இருந்தது. இதயத்துக்குப் போகும் குழாய் 3, 4 மில்லிமீட்டர், ஆணுறுப்புக்குப் போவது 1, 2 மில்லிமீட்டர். அடைப்பு சிறியதில்தான் முதலில் தெரியும் என்றார். இருபது ஆண்டு பீடி வேறு. டிரெட்மில்லில் கோளாறு தெரிந்து, கடைசியில் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சு ஒரு நாளும் வலித்ததில்லை.

தஞ்சை மருந்தாளுநர்:
பெண்கள் கடையைவிட்டுப் போகும்வரை இருமல் மருந்தைப் படித்துக்கொண்டே நிற்பார்கள். பிறகு மெதுவாக "அந்த மாத்திரை" என்பார்கள். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தோடு அந்த மாத்திரையில் இருக்கும் சில்டனாஃபில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இத்தனைக்கும் சில்டனாஃபிலையே முதலில் நெஞ்சுவலிக்குத்தான் சோதித்தார்கள். இதற்கென்று அமெரிக்கா அனுமதித்தது 1998இல். சுமார் ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். பரோட்டா சால்னா தின்றுவிட்டுப் போட்டால் தாமதமாகும். இச்சை இல்லாமல் வேலை செய்யாது. சில கொதிப்பு மாத்திரைகளாலும் இந்தக் குறை வரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். "உடனே வேலை செய்யும்" லேகியங்கள் சிலவற்றில் இதே சில்டனாஃபிலைக் கலந்திருந்ததும் பிடிபட்டிருக்கிறது.

வயல்வெளி:
எல்லாம் மனசுதான். வாரம் மூன்று நாள் முருங்கைக்காய் சாப்பிடுங்கள்.

பழைய ஓட்டுநர்:
முருங்கைக்காய் சாம்பாருக்கு நல்லது.

மண்டிக் கணக்கர்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சர்க்கரை டாக்டரிடமே போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.6 சதவீதம். இந்த அளவு நீடித்தால் குழாயும் நரம்பும் சேர்ந்து கெடும் என்று திட்டினார். இளமைத் தவறு என்ற பேச்சே எழவில்லை. ஹார்மோன் சரியாக இருக்கிறது. கொதிப்பு மாத்திரையை மாற்றியிருக்கிறார். தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன். டிரெட்மில் அடுத்த செவ்வாய். அதைப் பார்த்த பிறகுதான் அந்த மாத்திரை தருவாராம்.

ஓட்டுநர் அண்ணன் பெயரைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லி, மனைவியிடம் பேச்சைத் தொடங்கினேன். லேகிய டப்பாவை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். மூலத்துக்கு என்று நினைத்துக்கொண்டாளாம். மிளகாய் மண்டிக்காரன் வீட்டில் இத்தனை நாள் குழம்பு ஏன் உறைக்கவே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது.