மறு: 'சமூகத் தாக்க மதிப்பீடு' – கட்டுமானப் பட்டியலுக்கு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கம். ஒரு திட்டம் மக்களின் வாழ்வில் என்ன செய்கிறது என்று ஆராயும் 'social impact assessment' என்பதற்கு நம் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்பதே பேச்சு.

> 'சமூகத் தாக்க மதிப்பீடு' புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, இந்த மதிப்பீட்டைக் கோரும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைத் தொடக் கூடாது; அதில் நானும் உங்கள் பக்கமே. சிங்கப்பூர்க் கட்டுமானத் துறைக்கு நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில்தான் அது வேண்டாம் என்கிறேன்.

'தாக்கம்' என்றதும் மனம் தூசிக்கும் இரைச்சலுக்கும் போய்விடுகிறது. அவற்றுக்கு இங்கே விதிகள் உண்டு. வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளங்களில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வேலை செய்யக் கூடாது. இரைச்சலை டெசிபெலில் அளந்தும்விடலாம். கருவியால் அளக்க முடியாதவற்றுக்கு அல்லவா நமக்குச் சொல் வேண்டும்?

சிங்கப்பூரின் டக்கோட்டா கிரசெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் எழுந்த குடியிருப்பு. மறுமேம்பாட்டுக்காக 2016 இறுதிக்குள் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். ஆறு புளோக்குகளைப் பாதுகாக்கப்போவதாக 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். பலர் பக்கத்திலேயே காசியா கிரசெண்டில் குடியேறினார்கள் என்றாலும், வயதான ஒருவருக்குப் புதிய மாடியில் யார் பேச்சுத்துணை, உடம்புக்கு முடியாதபோது யார் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் போகப்போகத்தான் தெரியும். அது ஒரே அடியாக விழும் தாக்கம் அன்று, நாள்பட விளைவது. அதனால் என் பரிந்துரை 'சமூக விளைவாய்வு'. நெல்லும் விளையும், கேடும் விளையும். புதிய மின்தூக்கியால் வரும் நன்மையையும் இந்தச் சொல் தாங்கும். 'மதிப்பீடு' என்றால் வெள்ளி, காசுக் கணக்கு என்று நினைக்கும் ஆபத்தும் 'ஆய்வு'க்கு இல்லை.

'விளைவு முன்கணிப்பு' என்று நம் குழுவின் அம்மா ஒருவர் முன்மொழிந்தது அழகான சொல்தான். ஆனால் தாக்க மதிப்பீட்டுக்கான பன்னாட்டுச் சங்கம் 2003இல் வெளியிட்ட கோட்பாடுகள் கணிப்பதோடு நிற்கவில்லை. கண்காணிப்பதையும் நிர்வகிப்பதையும் சேர்த்தே சொல்கின்றன. கட்டடம் எழும்பும்போதும் தொடர வேண்டிய பணிக்கு 'முன்' என்ற ஒட்டு பொருந்தாது.

'சமூகம்' என்றால் சாதி என்றோ, இந்தியச் சமூகம் மட்டும் என்றோ எடுத்துக்கொள்வார்களே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் எல்லா இனத்தாரும் வந்துபோகும் இடத்தை நாம் இங்கே சமூக மன்றம் என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பொருள் போதும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது பட்டியலில் சொல்லோடு வரும் விளக்கக் குறிப்பு. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய பள்ளி ஒன்றை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக மாற்ற முனைந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். விடுதிக்குத் தனிச் சாலை போட்டார்கள். குடியிருப்பாளர்களின் கவலைக்கு விடை கிடைத்தது. அந்தச் சாலை வழியாக மட்டும் வந்துபோனவர்களுக்கு அது என்ன செய்தது என்பதும் சமூக விளைவுதான். கட்டடத்தைக் கட்டுகிறவர்களை விட்டுவிட்டுக் கட்டுமானத்தின் சமூக விளைவை எழுதவே முடியாது. ஆகவே குறிப்பை இப்படி முன்வைக்கிறேன்:

சமூக விளைவாய்வு: ஒரு கட்டுமானத் திட்டம் அங்கே வாழ்பவர்கள், அங்கிருந்து இடம்பெயர்பவர்கள், அதைக் கட்டுபவர்கள் ஆகியோரின் வாழ்வில் விளைவிக்கும் நன்மை தீமைகளைத் திட்டமிடும்போதும் கட்டும்போதும் கட்டிய பின்னும் ஆராய்தல்.

'விளைவாய்வறிக்கை', 'விளைவாய்வாளர்' இரண்டும் இதிலிருந்து தடையின்றி வருகின்றன. 'கட்டிய பின்' எத்தனை ஆண்டு என்று குறிப்பிலேயே வரம்பு சொல்ல வேண்டுமா? பொறியாளர்கள் கருத்துச் சொல்லுங்கள்.