எஸ்என் தளம் சாய்ந்திருந்தால் எஸ்என்ஏ-வை நம்பலாமா?

கேள்வி:
14 வயதுப் பெண். செஃப் ட்ரேசிங்கில் (பல் சீரமைப்புக்காக எடுத்த பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயின் கோட்டுப் படம்) எஸ்என் என்பது மண்டையோட்டின் அடியிலுள்ள செல்லா குழியிலிருந்து மூக்கு வேரிலுள்ள நேசியன் வரையான கோடு. அதிலிருந்து மேல்தாடையின் ஏ புள்ளிக்கான கோணம் எஸ்என்ஏ 76, கீழ்த்தாடையின் பி புள்ளிக்கான கோணம் எஸ்என்பி 73, இரண்டுக்குமான வித்தியாசம் ஏஎன்பி 3, கீழ்த்தாடையின் அடிவிளிம்புக்கான கோணம் எஸ்என்–கோக்னா 37. எண்களைப் பார்த்தால் இரண்டு தாடையும் பின்தங்கி, முகம் கீழ்நோக்கி நீளும் கேஸ். ஆனால் பக்கவாட்டில் முகம் நேராகத்தான் இருக்கிறது. எஸ்என்னுக்கும் ஃபிராங்ஃபர்ட் தளத்துக்கும் (காதுத் துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் சேர்ப்பது) 12 டிகிரி. கோக்னாவை ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து அளந்தால் 25. எதை வைத்துப் பிளான் போடுவது?

பதில் 1:
அந்த 12தான் விடை. சராசரி 7. செல்லா தாழ்ந்தோ நேசியன் உயர்ந்தோ இருப்பதால் எஸ்என் 5 டிகிரி கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது. 5ஐக் கூட்டினால் எஸ்என்ஏ 81, எஸ்என்பி 78. கோக்னாவில் கழித்தால் 32. ஸ்டைனர் தந்த இயல்பு அளவுகளான 82, 80, 32க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஏஎன்பி கோணத்தில் செல்லாவே இல்லை, அதனால் இந்தத் திருத்தம் அதைத் தொடாது. ஆனால் நேசியன் முன்பின்னாக இருந்தால் ஏஎன்பியும் ஏமாற்றும். விட்ஸ் (ஏ, பி புள்ளிகளிலிருந்து பற்கள் கடிக்கும் தளத்துக்குச் செங்குத்துக் கோடு போட்டு அளப்பது) எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு அந்தக் கோடுகள் தளத்தைத் தொடும் ஏஓ, பிஓ இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழ வேண்டும்.

பதில் 2:
5ஐக் கூட்டுவதற்கு முன்னால் போரியனை (வெளிக்காதுத் துளையின் மேல்விளிம்பு, ஃபிராங்ஃபர்ட்டின் பின்புள்ளி) சரிபாருங்கள், டாக்டர். உள்காதுத் துளையின் நிழலை வெளிக்காதுத் துளை என்று எடுப்பது அடிக்கடி நடக்கிற தவறு. உள்துளை சிறியது, இன்னும் மேலே, பின்னால், அடர்த்தியான எலும்பு நிழலுக்குள் தெரியும். உண்மையான போரியன் கான்டைல் (கீழ்த்தாடையின் மூட்டுமுனை) தலையின் உச்சி மட்டத்தை ஒட்டி இருக்கும். உங்கள் புள்ளி அதற்கு மேலே தனியாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

போரியனிலிருந்து ஆர்பிடேல் (கண்குழியின் கீழ்விளிம்பு) வரை சுமார் 75–80 மிமீ. போரியன் 4 மிமீ மேலே போனால் ஃபிராங்ஃபர்ட் 3 டிகிரி திரும்பிவிடும். உண்மையில் 9 இருப்பது 12 ஆகத் தெரியும், 28 இருப்பது 25 ஆகக் குறையும். நீங்கள் 2 கூட்ட வேண்டிய இடத்தில் 5 கூட்டுவீர்கள்.

மெக்நமாரா செங்குத்துக்கோட்டை (நேசியன் வழியாக ஃபிராங்ஃபர்ட்டுக்குச் செங்குத்தாகப் போடும் கோடு) வைத்துச் சரிபார்த்தும் பயனில்லை. அதுவும் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்தே இறங்குகிறது. 3 டிகிரிப் பிழையில் ஏ புள்ளி சுமார் 3 மிமீ முன்னால் தள்ளித் தெரியும். இரண்டு கணக்கும் அழகாக ஒத்துப்போகும், இரண்டும் தவறாக.

கேள்வி கேட்டவர்:
நான் வைத்த புள்ளி கான்டைல் உச்சிக்கு மேலே 4 மிமீ. கீழே இன்னொரு வளையம் மங்கலாகத் தெரிகிறது. இயர் ராடின் (எக்ஸ்ரேயின்போது தலையை நிறுத்தக் காதில் வைக்கும் குச்சி) நிழலாக இருக்குமோ?

பதில் 2:
ராட் என்றால் வெள்ளையாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். மங்கலான கரிய வட்டம் என்றால் அதுதான் வெளித்துளை. மேல் விளிம்பில் புள்ளியை மாற்றுங்கள். ராடின் உச்சியைப் போரியனாக எடுக்காதீர்கள். அது உண்மைப் புள்ளிக்குக் கீழே நின்றால் பிழை எதிர்ப்பக்கம் போகும்.

நிழல் தெளிவில்லை என்றால் மண்டையோட்டுக்கு வெளியே ஓர் ஆதாரம் தேடுங்கள். பெண்ணை நிற்கவைத்து, எதிரே கண்ணாடியில் தன் கண்களையே பார்க்கச் சொல்லி, பக்கத்தில் தூக்குநூல் தொங்கவிட்டுப் பக்கவாட்டுப் படம் எடுங்கள். தோல்மேல் நேசியன்–பொகோனியன் (முகவாயின் முன்முனை) கோட்டுக்கும் நூலுக்கும் உள்ள கோணத்தை அளந்து செஃப் மேல் அப்படியே பதியுங்கள். இரண்டு படத்திலும் உதடும் கடியும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். அந்தச் செங்குத்திலிருந்து ஏ, பி இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்த்த பிறகு பிளான் போடுங்கள்.