ஆயுத பூஜைக்கு 150 பேருக்கு மதியச் சாப்பாடு, நல்ல கேட்டரிங் தெரிந்தால் சொல்லுங்களேன்

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. ஆயுத பூஜை அன்று பூஜை முடிந்ததும் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு, சுமார் 150 பேர், முழுக்க சைவம். பஃபே வேண்டாம். வருடம் முழுக்க மெஷின் முன்னால் நின்றே வேலை செய்கிறவர்கள் அன்றைக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கக் கூடாது, அதனால் வாழை இலை போட்டுப் பந்தி பரிமாற ஆளும் சேர்த்து அனுப்புகிறவராக வேண்டும்.

போன வருடம் வந்தவர் முதல் பந்தியில் வடை, பாயசம் என்று தாராளமாகப் போட்டார். கடைசிப் பந்திக்கு ரசமும் அப்பளமும்தான் மிஞ்சியது, அதில் உட்கார்ந்தது எல்லாம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கேன்டீனில் சமைக்க இடம் இல்லை, சமைத்துத்தான் கொண்டுவர வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் (உணவுப் பாதுகாப்பு உரிமம்), 5 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில் இரண்டும் கட்டாயம், அக்கவுண்ட்ஸில் கேட்பார்கள்.

அப்புறம், 150 பேர் என்றால் எத்தனை இலைக்குச் சொல்வது? கடைசிப் பந்திக்கு வடை, பாயசத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் செய்வார்களா? நீங்களே சாப்பிட்டுப் பார்த்த ஆளாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.