உளவுப் படிப்பு இல்லைங்க: தொடர்பியலும் தேசப் பாதுகாப்பும் படித்த மூவரின் அனுபவங்கள்

இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னாலே "உளவுத்துறைக்கா போகப் போறே?" என்றுதான் கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முதல் பருவம் முழுக்கக் கோட்பாடு. யார், எதை, எந்த வழியாக, யாரிடம் சொன்னார்கள், என்ன விளைவு என்று 1948-இல் அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் வகுத்த கேள்விகளை வைத்துக்கொண்டு பழைய போர்க்கால அறிக்கைகளைப் பிரித்து மேய்ந்தோம். கொட்டாவி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ருசி தட்டியது நெருக்கடிப் பயிற்சியில்தான். சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்ததே, அந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை மாதிரியாக வைத்து வகுப்பை இரண்டு அரசுகளாகப் பிரித்துத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். துண்டுச் சீட்டில் மட்டுமே பேசிக்கொள்ளலாம். பேராசிரியர் சீட்டை வாங்கி வேண்டுமென்றே தாமதமாகக் கொடுப்பார். பதில் வராதபோது "எழுதிக்கிட்டிருப்பாங்க" என்றோம். அப்புறம் "யோசிக்கிறாங்க" ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் "ஏதோ திட்டம் போடுறாங்க". எதிர்த்தரப்பு வாயே திறக்கவில்லை, அதற்குள் எங்கள் கடுமையான அறிக்கை தயார்! கடைசியில் இரண்டு சீட்டுகள் சேர்ந்தே வந்தன. ஒன்றில் இணக்கம், இன்னொன்றில் புது நிபந்தனை. எதை முதலில் எழுதினார்கள் என்றே தெரியவில்லை.

நிஜத்திலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். அக்டோபர் 26 அன்று சோவியத் தலைவர் குருஷேவ் அனுப்பிய கடிதம் வாஷிங்டனுக்கு முழுதாக வந்து சேரப் பல மணி நேரம் பிடித்தது. மறுநாளே, துருக்கியில் உள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்ற இன்னொரு செய்தியை மாஸ்கோ வானொலி ஒலிபரப்பியது. சோவியத் தூதரகத்தின் சங்கேதத் தந்திகளை வாங்கிப் போக வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துப் பையன் ஒருவன் சைக்கிளில் வருவானாம். அப்போதைய தூதர் டோப்ரினினே பின்னாளில் எழுதியிருக்கிறார். இவ்வளவும் பட்ட பிறகுதான் 1963-இல் இரு தலைநகரங்களுக்கும் நேரடி இணைப்பு வந்தது. சினிமாவில் காட்டும் சிவப்பு டெலிபோன் எல்லாம் கிடையாது, செய்தியை எழுத்தில் அச்சிட்டுத் தரும் டெலிபிரின்டர். அவசரப் பேச்சில் அர்த்தம் மாறிவிடக் கூடாது என்றுதான் எழுத்தில் வைத்துக்கொண்டார்கள்.

*

நான் டிவி செய்திப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். பக்கத்து இருக்கையில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். 2008 மும்பைத் தாக்குதல் பற்றிய வகுப்பில் எங்கள் இருவருக்கும் சரியான சண்டை. தாக்கியவர்களை எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியவர்கள் நேரலையைப் பார்த்துக்கொண்டே போனில் உத்தரவு கொடுத்தார்கள். சேனல்கள் நடந்துகொண்ட விதத்தை 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கடுமையாகச் சாடியது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 2015-இல் கேபிள் டிவி விதியையும் திருத்திவிட்டார்கள்: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் போடலாம்.

"சரி சார், அந்த அதிகாரி ரெண்டு மணி நேரம் வாயே திறக்கலேன்னா?" என்று கேட்டேன். "காத்திருக்கணும்மா" என்றார். நாங்கள் காத்திருப்போம், வாட்ஸ்அப் காத்திருக்குமா? அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த வகுப்புக்கு, அரை மணிக்கு ஒரு தடவை என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தானே ஒரு மாதிரி அறிக்கை எழுதிக்கொண்டு வந்தார். படை நிற்கும் இடம், எண்ணிக்கை, அடுத்த நகர்வு எதுவும் அதில் இல்லை. மக்கள் எந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும், காணாமல் போனவர்களைப் பற்றி எங்கே விசாரிக்கலாம் என்பது இருந்தது. நான் டெஸ்கில் இருந்தபோது இப்படி ஒரு தாள் கைக்கு வந்ததே இல்லை.

*

மேலே இருவரும் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். ஆய்வேடு வேறு கதை. அதிகாரிகள் பேட்டி தர மாட்டார்கள், தந்தாலும் பெயர் போடாதே என்பார்கள். கோப்புகள் ரகசியம். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1945-இல் எழுதிய சங்கேதவியல் (செய்தியை மறைத்து எழுதும் முறை) அறிக்கைகூட ரகசியமாகத்தான் இருந்தது, 1949-இல்தான் கட்டுரையாக வெளிவந்தது. அதனால் தலைப்பு முடிவு செய்வதற்கு முன்பே ஆவணம் கைக்குக் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். நான் பேட்டிகளை நம்பி உட்காராமல் அமைச்சகங்களின் பழைய பத்திரிகைக் குறிப்புகளுக்கு மாறிவிட்டேன். அவை எல்லாம் பொதுவில் கிடக்கின்றன, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.