18 ஆச்சுன்னா பெரிய ஆளா? எங்க வீட்ல தம்பிகிட்ட பைக் சாவி, அக்காவோட ஏடிஎம் கார்டு நைனாகிட்ட

பாலாத்தங்கரை:
ஒரு பஞ்சாயத்து, நீங்களே சொல்லுங்க. எங்களுது ஆம்பூர் பக்கம். அக்காக்கு 22, ஷூ கம்பெனில ஸ்டிச்சிங் செக்ஷன், நாலு வருஷமா போறா. காலைல 6 மணிக்கெல்லாம் தெருமுனைல கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும், டிபன் பாக்ஸ மூடியும் மூடாம எடுத்துனு ஓடுவா. சம்பளம் அவ அக்கவுண்ட்ல தான் விழுது ஆனா கார்டு முதல் மாசத்துலருந்தே நைனா சட்டை பாக்கெட்ல. தம்பிக்கு 17, பிளஸ் டூ, அவன் கேக்காமலே பைக் சாவி கைக்கு வந்துடுச்சு. போன ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்டுனு இருக்கும்போது "கார்ட குடுங்க நைனா"ன்னு அக்கா கேட்டுட்டா. "கல்யாணம் ஆவட்டும், அப்புறம் நீ பெரிய மனுஷி, இப்ப என்ன அவசரம்"னு சொல்லிட்டு பாதி தட்டுல எழுந்து கை கழுவ போயிட்டாரு. என் கட்சி 18 முடிஞ்சா பெரியவங்க, சட்டமே சொல்லுது, அதுக்கு மேல யார் பர்மிஷன் எதுக்கு?

சத்துவாச்சாரி சார்:
தம்பி, ரிட்டயர் ஆன வாத்தியார் சொல்றேன், கோவிச்சுக்காத. நீ சொல்ற சட்டத்துக்கே ஒரு வயசு கிடையாது. ஓட்டுக்கு 18, ஆம்பளைக்கு கல்யாணம் 21, பொம்பளைக்கு 18, நம்ம டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 21, எம்எல்ஏவுக்கு நிக்கணும்னா 25. அந்த ஓட்டு வயசே முன்னாடி 21 தான், 61வது திருத்தம் வந்து 1989ல 18 ஆச்சு. அப்போ 88ல 20 வயசுல இருந்தவன் விவரம் பத்தாதவன், அடுத்த வருஷம் 18 வயசுக்காரன் விவரமானவனா? எங்கிட்ட படிச்ச பசங்க காலேஜ் சேர்ந்தப்புறமும் பேங்க்ல நின்னு சலான் எப்படி எழுதறதுன்னு அப்பாவுக்கு போன் போடறானுங்க. பொறுப்பு எப்ப வருதோ அப்ப தான் பெரியவன்.

வேலூர் கோட்டை:
சார் பொறுப்ப பத்தி பேசறீங்க, எனக்கு 2018ல 18 முடிஞ்சுது. அடுத்த வருஷம் முதல் ஓட்டுன்னு கார்ட லேமினேட் பண்ணி வெச்சுனு காத்துனு இருந்தேன். ஏப்ரல் 18 தமிழ்நாடே ஓட்டு போட்டுச்சு, நம்ம வேலூர் தொகுதி மட்டும் இல்ல. கட்டு கட்டா பணம் புடிச்சாங்கன்னு தேர்தலயே ரத்து பண்ணி ஆகஸ்ட் 5 தான் வெச்சாங்க. அந்த கட்டு கட்டுனது 18 வயசு பசங்களா சார்?

சத்துவாச்சாரி சார்:
அது வேற விஷயம்பா.

வேலூர் கோட்டை:
எப்பவும் அது வேற விஷயம் தான் சார் 😀

நைட் டூட்டி:
நான் நர்ஸ், எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். சார் சொல்றது எனக்கு தலைகீழா தெரியுது. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஆக்சிடென்ட் கேஸ், அம்மா மயக்கத்துல இருக்காங்க, அப்பா பெங்களூர்ல கட்டட வேலை, போன் போகல, கூட வந்தது பையன் மட்டும். ஆதார்ல பாத்தா 18 முடிஞ்சு பதினோரு நாள். ஆபரேஷன் ஃபார்ம நீட்டினோம். "அக்கா, இனிஷியல் முன்னாடி போடணுமா பின்னாடியா"ன்னு கேட்டான். பரீட்ச பேப்பர்ல எழுதற மாதிரி ஒவ்வொரு எழுத்தா எழுதினான். அப்புறம் அம்மா செருப்ப ஒரு கவர்ல போட்டு மடில வெச்சுனு விடியற வரைக்கும் பெஞ்ச்ல உக்காந்து இருந்தான், காலைல அவனா போய் பில் கவுண்டர்ல டோக்கன் வாங்கினான், மருந்து சீட்ட மடிச்சு சட்டைப்பைல வெச்சான், யாரும் சொல்லித் தரல. பொறுப்பு வரட்டும் அப்புறம் குடுக்கலாம்னு உக்காந்து இருந்தா என்னைக்கு சார் வரும்? குடுத்தா தான் வரும்.

குடியாத்தம் தறி:
சாரு சொல்றதுல இன்னொரு ஓட்டை கீது. பொறுப்பு வந்தா பெரியவன்னா நான் 12 வயசுலயே பெரியவன். எங்க நைனா படுத்துட்டாரு, நான் தறிக்கு நூல் தார் சுத்த குந்திட்டேன், ரெண்டு வருஷத்துல தறிக்குழில காலு எறங்கிச்சு, கைலி நெசவு தான். வூட்டுக்கு அரிசி என் கூலில தான் வந்துச்சு. "பாரு எவ்ளோ பொறுப்பு"ன்னு ஊரே மெச்சிகினு இருந்துச்சு, ஸ்கூலுக்கு இட்டுகினு போவ ஒருத்தனும் வரல. அந்த மெச்சல்ல தான் என் படிப்பு போச்சு. இப்ப 14க்கு கீழ வேலைக்கு வெக்கக் கூடாது, 18 வரைக்கும் ஆபத்தான வேலைல வெக்கக் கூடாதுன்னு 2016ல சட்டத்த மாத்திட்டாங்கோ. 18ன்றது அதிகாரம் குடுக்க மட்டும் இல்ல சார், அதுக்குள்ள யாரும் நம்ம தலைல மூட்டைய ஏத்தக் கூடாதுன்னும் தான். அந்த கோட்ட அழிச்சீங்கன்னா ஏழை வூட்டுப் பையன் 12ல பெரியவன், வசதியான வூட்டுப் பையன் 30லயும் கொயந்த.

சத்துவாச்சாரி சார்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. அந்த மாதிரி பசங்க என் வகுப்புலயும் பாதில நின்னாங்க, நானும் போய் கூப்பிடல, உண்மைய சொல்லிடறேன். கோடு வேணும், சரி. அப்ப அந்தக் கோட்டுப்படி பைக்கும் தப்பு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 18க்கு கீழ இருக்கறவன் ஓட்டி மாட்டினா அப்பாவுக்கு 25,000 ஃபைன், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. அது முதல்ல நிக்கணும். ஆனா பொண்ணு காசு விஷயத்துல அந்த மனுஷன திட்ட மாட்டேன், அவ கல்யாணத்துக்கு நகைச்சீட்டு கட்டிட்டு இருப்பாரு. அவருக்கா சேக்கறாரு?

ஸ்டிச்சிங் லைன் 4:
நானும் ஷூ கம்பெனி தான், எட்டு வருஷம். சார், 13 வயசுல எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்தும்போது "பெரிய மனுஷி ஆயிட்டா"ன்னு ரோஸ் கலர்ல பத்திரிகை அடிச்சு, ஸ்பீக்கர் கட்டி, தெருவுல போறவன் வரவனுக்கெல்லாம் சோறு போட்டு சொன்னாங்க. 21 வயசுல என் கார்டோட பின் நம்பர் கேட்டா "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்". எனக்கும் சேக்கறதா தான் சொன்னாங்க. சீட்டும் கட்டினாங்க, அது அண்ணன் வண்டிக்கு முன்பணமா போச்சு, எனக்கு தெரிஞ்சது ஒரு வருஷம் கழிச்சு, அதுவும் அண்ணி வாய் தவறி சொல்லி. காசு போனது கூட பரவால்ல சார், ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்.

16 வயசுல ஒருத்தன் கொடூரமான குத்தம் பண்ணா, சிறார் நீதி போர்டு பாத்துட்டு பெரியவனா விசாரிக்க அனுப்பலாம்னு 2015ல சட்டம் போட்டாங்க. தப்பு பண்ணா மட்டும் சீக்கிரம் பெரியவன் ஆயிடலாம் போல.

தம்பி, அக்காகிட்ட சொல்லு, சண்ட வேணாம். 18 முடிஞ்சவளுக்கு அக்கவுண்ட் ஆரம்பிக்க அப்பா கையெழுத்து தேவையே இல்ல. ஆதார், பான், ரெண்டு போட்டோ எடுத்துனு போய் புது அக்கவுண்ட், அந்த பாஸ்புக் ஜெராக்ஸ ஹெச்ஆர்ல குடுத்தா சம்பளம் அங்க விழும். இன்னொன்னு, முக்கியம், பிஎஃப்ல எந்த போன் நம்பர் இருக்குன்னு பாக்க சொல்லு. என்னுதுல எங்கப்பா நம்பர் இருந்துச்சு, என் பிஎஃப் கணக்க பாக்கணும்னா ஓடிபி அவருக்கு தான் போகும், அவரு சாயங்காலம் வந்தா தான் நம்பர் சொல்லுவாரு.

சத்துவாச்சாரி சார்:
பெத்தவங்க மனசு நோகாம செய்யணும்மா. முதல்ல ஒரு தடவ உக்காந்து பேசட்டும்.

ஸ்டிச்சிங் லைன் 4:
பேசினா தான் சார் தட்ட வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு.

பாலாத்தங்கரை:
பிஎஃப் நம்பர் பாத்தோம் அக்கா. நைனா நம்பர் தான். சனிக்கிழம அரை நாள் லீவ் போட்டு பேங்க் போறோம், போறதுக்கு முன்னாடி நைனாகிட்ட சொல்லிட்டு தான் போவேன்னு அக்கா சொல்றா, ஒளிச்சு செய்ய மாட்டாளாம். எனக்கு பயமா இருக்கு, அவளுக்கு இல்ல.

குடியாத்தம் தறி:
அது சரி, பைக் சாவி இன்னா ஆச்சு?

பாலாத்தங்கரை:
அரிசி டின்ல போட்டு மூடிட்டேன்ணா. ரெண்டு நாளா தம்பி வீட்டயே பொரட்டினு இருக்கான், சோறு வடிக்கிற அம்மாக்கு மட்டும் தெரியும்.